மூக்குத்தூக்கி

மாசி ஏலத்தில் நிலையூர்க் கண்மாய் மீன்பாசி
எங்கள் பேருக்கு விழுந்தது.
வளையல் நாலும் அடகுக்குப் போய்
ஒரு அலுமினியப் படகாகத் திரும்பி வந்தன.
பன்னிரண்டு அடி.
ஊர்ப் பேரில் இருந்த நிலை
படகுக்கு இல்லை.

என்ஜின் பின்னால். பெட்ரோல் கேன் பின்னால்.
பேட்டரி பின்னால்.
கைப்பிடி திருகும் என் வீட்டுக்காரர் ஒச்சப்பனும்
பின்னால்.
வேகம் பிடித்ததும் முன்பக்கம் எழும்பும்,
பெண் பார்க்க வந்து
பஜ்ஜியைத் தொடாத மாப்பிள்ளையின் அத்தை
வானத்தைப் பார்ப்பதுபோல.
தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மூடு தெரியாது.
திருப்பரங்குன்றத்து மலை மட்டும் தெரியும்.
மலையைப் பார்த்து ஓட்டி
மரத்தில் மோதினோம், இரண்டு தடவை.

கரையில் தூண்டில் போடும் பையன்கள்
மூக்குத்தூக்கி என்று பேர் வைத்தார்கள்.

சிமெண்டுச் சாக்கில் மணல் அள்ளி
மூட்டை இரண்டை முன்னால் போட்டோம்.
நேராகப் போகும்வரை நல்ல பிள்ளை.
மடைக்குப் பக்கம் திரும்பும்போது
ஒரு மூட்டை லேசாக நகர்ந்தது.
அது நகர்ந்த பக்கம் படகு சாய்ந்தது,
படகு சாய்ந்ததால் அது இன்னும் நகர்ந்தது.
நாற்பது கிலோ கட்லா
வந்த வழியே திரும்பிப் போனது.
தண்ணீர் எங்கள் மார்மட்டம்தான்.
அன்றைக்குப் புரிந்தது:
கட்டாத பாரம் பாரமில்லை,
இடையில் எழுந்து நடக்கும் பயணி.

பழங்காநத்தத்திலிருந்து சேசுராஜ் வந்தார்.
கல்யாண வீட்டு அண்டாவுக்கு
ஒட்டுப் போடுகிறவர்,
படகைத் தட்டிப் பார்த்ததும் அண்டா மாதிரித்தான்.
பேட்டரியை முன்மூலைக்குக் கொண்டுபோய்
ஒயரைக் குழாய்க்குள் ஓட்டினார்.
கேனை நடுவில் வைத்து வாரால் இறுக்கினார்.
ஐஸ்பெட்டியை அடித்தட்டோடு முடுக்கினார்.
உட்காரும் பலகையை
நாலு விரற்கடை இறக்கினார்.
“பாரம் எவ்வளவுங்கிறது அப்புறம்,
எவ்வளவு தாழ இருக்குங்கிறதைப் பாருங்க.”

பிறகு சுண்ணாம்புக் கட்டியால்
படகின் பக்கத்தில் எழுதினார்.
என்ஜின் இருபத்தேழு. பேட்டரி பதினெட்டு.
அண்ணன் ஐம்பத்திரண்டு.
“அக்கா, நீங்க?”

ஷேர் ஆட்டோக்காரர் கேட்டிருக்கிறார்,
இரண்டு ஆள் காசு கொடுப்பியா என்று.
தையல்காரி கேட்டிருக்கிறாள்,
துணி இன்னும் முக்கால் மீட்டர்.
இவர் கேட்டது கூட்டல் போட.
எண்பத்து நாலு என்றேன்.
சிரிக்காமல் எழுதினார்,
பேட்டரிக்கும் எனக்கும் ஒரே எழுத்து.

முன்பலகையில் என்னை உட்காரச் சொன்னார்.
கரையில் குந்தி,
பக்கவாட்டில் கிழித்த கோட்டையும் தண்ணீரையும்
ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.
“கொஞ்சம் முன்னால... இன்னும்...
ரொம்பப் போயிட்டீங்க, ஒரு சாண் பின்னால...
போதும்!”

என்ன என்று திரும்பிவிட்டேன்.
என் பேர் அதுதான்.
நாலாவதும் பெண்ணாகப் பிறந்தவளுக்கு
அப்பா வைத்த பேர், போதும்பொண்ணு.
அந்தச் சொல்லுக்கு
அளவு சரி என்றும் பொருள் உண்டென்று
முப்பத்தொன்பது வயதில்
ஒரு அண்டாக்காரர் சொல்லிப் போனார்.
கூலி அறுநூறு.

இப்போது மூடுகளை நான் பார்த்துச் சொல்கிறேன்.
நாமக்கோழிகள் பிளந்து வழிவிடுகின்றன.
ஆடிக் காற்றில் படகு இன்னும் புரளும்.
பீடி பற்றவைக்க எழுந்து நிற்கும் பழக்கம்
அவருக்கு இன்னும் போகவில்லை.
போன வாரம் வட்டிக் காசில் சண்டை,
மூன்று நாள் பேச்சில்லை.
வலை இழுக்க அவர் வலப்பக்கம் சாய,
கேட்காமலே நான் இடப்பக்கம் சாய்ந்தேன்.
சாய்ந்த பிறகுதான் கோபம் ஞாபகம் வந்தது.

கரை சேர்ந்ததும் நான் முதலில் இறங்கக் கூடாது.
ஒருநாள் மறந்து குதித்துவிட்டேன்.
பின்னால் “ஏய்!” என்று அவர் சத்தம்.
அத்தை மறுபடி
வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.